குணமானவரின் கட்டில்

“இந்தக் கட்டில்ல யாராச்சும் செத்திருக்காங்களா?”

கைப்பேசியில் வந்த முதல் கேள்வியே இதுதான். பவானேஸ்வரி யோசிக்கவில்லை.

“இல்லை. என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். குணமாகி இப்போ நடக்கிறார்.”

அவள் கணவன் சேகரன் அந்த நோயாளி மின்சாரக் கட்டிலில் உயிரை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது.

உண்மையைச் சொன்னால் நம் ஆட்களில் எவன் வாங்குவான்? ஆறாயிரம் ரிங்கிட் கட்டிலை நாலாயிரத்துக்குப் போட்டிருந்தாள். மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அதை விட்டால் வழியில்லை. இணைய விற்பனைத் தளம் தன் வழியாக விற்றால் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்ளும். லாரி வாடகையும் அவள் தலையில்தான் விழும். அங்கே எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு, பொய்க்குத் தவிர.

“நேரா வித்தா முழுசாக் கிடைக்கும் அண்ணி. ஆனா போலி பேங்க் ரசீது காட்டி ஏமாத்துவானுங்க லா. கையில காசு வாங்காம கட்டிலை விடாதீங்க” என்றாள் நாத்தனார் ஜெயா.

கேள்வி கேட்டவர் சுங்கை ஊடாங்கில் இருக்கும் திருச்செல்வம். ரொக்கத்துக்கு ஒப்புக்கொண்டார், பேரமே பேசவில்லை. சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொன்னார். ஆனால், தினமும் பொழுது சாயும்போது அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்.

“அண்ணன் இன்னிக்கு நடந்தாரா அக்கா?”

“கேட் வரைக்கும் நடந்தார்.”

“சாப்பிட்டாரா?”

“ரெண்டு இட்லி.”

நான்காம் நாள், தன்னை அறியாமலே இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள். ஐந்தாம் நாள், பதிலை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கேட் மெல்ல அசைந்தது. காற்று இல்லை.

சனிக்கிழமை, சேகரனின் மாலையிட்ட படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“அண்ணன் எங்கக்கா?”

“பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்கார்.”

திருச்செல்வம் தலையாட்டினார். நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். கட்டில் லாரியில் ஏறியது. அவள் பணத்தோடு லாரிப் பக்கம் போனாள்.

“தம்பி... நான் ஒரு பொய்...”

“சொல்லாதீங்கக்கா. எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“ஏமாந்துடக் கூடாதுன்னு உங்க நம்பரைத் தேடிப் பார்த்தேன். ஃபேஸ்புக்ல அண்ணனோட கருமாதி அழைப்புல அதே நம்பர் இருந்துச்சு.”

“பிறகு எதுக்குத் தினமும் அவரை விசாரிச்சீங்க?”

“என் மனைவிக்கும் அதே மாதிரிதான், படுத்த படுக்கை. டாக்டர் கைவிரிச்சிட்டார். அந்த முதல் கேள்வி அவ கேட்கச் சொன்னது. உங்க பதிலைப் படிச்சுக் காட்டினேன், மூணு மாசத்துல முதல் தடவையா சிரிச்சா. இப்ப சாயங்காலம் ஆனா, அண்ணன் நடந்தாரான்னுதான் கேட்பா. நேத்து தானா எழுந்து உட்கார்ந்துட்டா.”

லாரியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு அண்ணனைக் கோயில் வரைக்கும் நடக்க வைங்கக்கா.”