பூமாரியின் முகம்

"வந்துட்டாக! பெரியப்பா, அவுக வந்துட்டாக!"

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, ஈஸ்வரமூர்த்தியைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பார்த்து ஓடினாள்.

ஈஸ்வரமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள் வந்துபோனவன் அவன். இந்தப் பீர்மேட்டு மலைப் பனிமூட்டத்திலும் முகத்தை மறக்காமல் வைத்திருக்கிறார்களே!

அன்று தேயிலை டப்பாவில் ஒட்டும் படத்துக்காகத் தோட்டத்துத் துரை அவனை வரவழைத்திருந்தார். வந்த இடத்தில் பூமாரி என்ற பெண்ணின் முகத்தையும் பென்சிலால் வரைந்து எடுத்துப்போனான். கோயம்புத்தூரில் படங்கள் அச்சடிக்கும் கல்லச்சுக்கூடத்து முதலாளி காளியம்மன் படம் கேட்டபோது, அம்மனுக்கு அந்த முகத்தையே வைத்தான். அவனுடைய முதல் சாமி படம். மை காய்வதற்குள் விற்றுத் தீர்ந்தது.

"அதே மூஞ்சியில இன்னொரு அம்மன் வரைஞ்சு கொண்டா. வேலை நிரந்தரம். இல்லீன்னா வேற எடம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார் முதலாளி. பூமாரி இன்னும் ஒரு முறை எதிரில் உட்கார்ந்தால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான்.

பூமாரியின் அப்பா அழகுமலை கைகூப்பியபடி எதிரே வந்தார்.

"வாங்க தம்பி. ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கோம்."

"எனக்காகவா? அந்த அம்மன் படம் போட்டது நாந்தானுங்க."

"படம் போட்டதும் நீங்கதானா!" அழகுமலை ஒரு கணம் திகைத்தார். "எங்க லயத்துல அந்தப் படம் இல்லாத வீடே கெடையாது தம்பி. வாந்திபேதி வந்து சனம் கொத்துக்கொத்தாச் செத்தப்ப, படத்த மாட்டினோம். அதோட நின்னுபோச்சு."

ஈஸ்வரமூர்த்திக்குப் புல்லரித்தது. புகழ்ச்சி என்றால் எந்தக் கலைஞனுக்குத்தான் கசக்கும்?

"பூமாரியப் பாக்கோணுமுங்க. இன்னொரு படம் வரையோணும்."

"அவுக கோயில்ல இருக்காக."

பெற்ற மகளைப் போய் 'அவுக' என்கிறாரே என்று உறுத்தியது.

"சாமி கும்புடப் போயிருக்குதுங்களா?"

"இல்ல தம்பி. சனம் அவுகளத்தான் கும்புடுது. படத்துல இருக்கது அவுக மொகமில்லையா? பேதி நின்ன அன்னைக்குக் கோயில்ல ஒக்கார வச்சது. அப்புறம் வீட்டுக்கு அனுப்பல."

அவர் குரலில் இருந்தது பெருமையா துக்கமா என்று தெரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி நின்றுவிட்டான். திரும்பிவிடலாமா என்று பார்த்தான். வெறுங்கையோடு போனால் வேலை இல்லை. நடந்தான்.

பின்னாலேயே லயமும் திரண்டு வந்தது. அவன் திரும்பிப் பார்த்தால், பெண்கள் பிள்ளைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது.

"என்னங்க ஆச்சு?"

"பச்சப்புள்ள, நேத்துப் போயிருச்சு. பேதி திரும்ப வந்திருக்கு தம்பி." அழகுமலை அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இனிமே சரியாப் போயிரும்."

கோயில் என்பது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. வாசலில் அவனுக்குச் சிவப்பு அரளி மாலை போட்டார்கள். ஒருவர் குடத்தோடு வந்து, மஞ்சள் தண்ணீரைத் தலைவழியாக ஊற்றினார். மலைக்குளிரில் அவன் உடம்பு வெடவெடவென்று உதறியது. உடனே பெண்கள் குலவையிட்டார்கள். அழகுமலை, "அப்பாடா" என்று மூச்சு விட்டார்.

படம் வரைகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தபடி அவன் உள்ளே நுழைந்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

விளக்கு வெளிச்சத்தில், சிவப்புச் சேலையில், சூலம் பிடித்து உட்கார்ந்திருந்தாள் பூமாரி. அவளுக்குப் பின்னால் சுவரில் அவன் போட்ட படம்.

"என்னைத் தெரியுதா, பூமாரி?"

அவள் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏன்யா வந்தீக? அம்மன் மட்டும் இருந்தாப் போதாது, காலடி காலியாக் கெடக்கு, அதான் பேதி திரும்புச்சுன்னு பேசிக்கிட்டாக. மலையெல்லாம் ஆள் விட்டுத் தேடுறாக. நீங்களா வந்து நிக்கிறீகளே!"

"நானா? என்னை எதுக்குத் தேடுறாங்க?"

பூமாரி சூலத்தின் நுனியால் படத்தின் அடிப்பாகத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே, அம்மனின் காலடியில், நெஞ்சில் சூலம் பாய்ந்து கிடந்த அசுரனுக்கு, மாதிரிக்கு ஆள் கிடைக்காத ஒரு நாளில் கண்ணாடியைப் பார்த்து ஈஸ்வரமூர்த்தி வரைந்த அவனுடைய சொந்த முகம்!