யானையாக நடித்தவள்

ஐந்து வகுப்பும் ஒரே அறையில் நடக்கும் மலையடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே, சகாயராணி டீச்சர் காட்டு விலங்குகள் பாடத்தை எடுத்தாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு விளையாட்டு வைத்தாள். ஒருவர் விலங்காக நடிக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். “நடிக்கிறவங்க வாயத் தொறக்கக் கூடாது, சரியா?”

“சரிங் டீச்சர்!”

மயில் தோகை விரித்தது. குரங்கு பேன் பார்த்தது. வகுப்பு சிரித்து ஓய்ந்தபோது மூன்றாம் வகுப்பு சிந்துஜா எழுந்து வந்தாள். தலையை அசைத்தபடி கனத்த நடையாக நாலு எட்டு வைத்தாள். சட்டென்று அவள் உடம்பு விறைத்தது. கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்க, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். டீச்சர் ஓடிப்போய்க் குனிந்தாள். காக்காய் வலிப்பு என்றே நினைத்து, பிள்ளையின் கையில் திணிக்கச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்தாள்.

“யானை!” என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது.

சாவிக்கொத்து டீச்சர் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு பிள்ளையின் முகத்திலும் சிரிப்பில்லை.

முன்வரிசையிலிருந்து சிந்துஜாவின் தங்கை எழுந்தாள். ஒன்றாம் வகுப்பு. ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, யானைக்குட்டி போல அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அவளை எழுப்புவதற்காக அந்தக் கையை நீட்டினாள்.

வாய் திறக்கக் கூடாது என்பதை மறந்து, மூடிய கண் மூடியபடியே சிந்துஜா முணுமுணுத்தாள்:

“தொட்டுறாத புள்ள. அப்பா இன்னும் வேலிக் கரண்ட நிறுத்தல.”