பூஜா அழித்த மெசேஜ்கள்

“ஒரு வாரமா அந்தப் பூஜா போட்டோவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக. என் பிறந்தநாள் வந்ததும் தெரியல, போனதும் தெரியல,” என்று புருஷனிடம் பொரிந்தாள் செந்தாமரை.

“நாளைக்கு என்கூட வா, புரியும்,” என்றான் சிவபிரகாஷ்.

அந்தப் பூஜாவை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் செந்தாமரை காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினாள்.

சிவகங்கை கோர்ட்டில் அவன் தன் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினான். திறந்து பார்க்க அவள் விரல் பரபரத்தது.

“கம்ப்யூட்டர் தடயவியல் நிபுணர்ங்கிற முறையில, கொலையான பூஜாவோட செல்போன்ல அழிச்ச மெசேஜ்களை மீட்டேன், ஐயா. புருஷன் சந்தேகப்பட்ட அந்த நம்பர் ஒரு நகை ஆசாரியோடது. புருஷன் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாம மோதிரம் செய்யச் சொல்லியிருக்காங்க.”

எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்ற பூஜாவின் புருஷன் தலையைத் தொங்கப்போட்டான்.

செந்தாமரை போனைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.