பெலுமுட் உச்சியில் புஷ்பவள்ளி

மூடுபனி விலகி, பெலுமுட் மலையுச்சிப் பாறையில் நண்பகல் வெயில் விழுகிறது. காலையில் தனியாக ஏறத் தொடங்கிய புஷ்பவள்ளி, ரப்பர் சப்பாத்தைக் கழற்றிச் சேற்றைத் தட்டுகிறாள். அட்டை கடித்த கணுக்காலில் ரத்தம் இன்னும் கசிகிறது, அவள் துடைக்கவில்லை. கீழே செம்பனைத் தோட்டங்களின் மேல் மேக நிழல் நகர்கிறது. கைப்பேசி ஒலிக்கிறது. மகன் யுகேந்திரன். அறுபது வயதில் மாடிப்படி ஏறக்கூடாதென்று போன வாரம் அவள் கட்டிலைக் கீழறைக்கு இறக்கியவன் அவன்தான். "எங்கம்மா போயிட்டீங்க? கோயில்லயா?" "பெலுமுட் உச்சியில இருக்கேன்." "அலமாக்! ஐயோ, யார் கூடம்மா?" "கூட வந்தது என் ரெண்டு காலுந்தான்லா." காற்று அவள் நரைமுடியைக் கலைக்கிறது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுகிறாள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன். அதுக்குள்ள என் கட்டில மாடிக்கு ஏத்தி வையி."