மேலிடத்துக் கசிவு

பழைய டர்போ கார் ஒன்று, நிறுத்திய இடமெல்லாம் ஆயில் சொட்டியது.

"எல்லாம் கீழே கிடக்கிற ஆயில் தொட்டியோட வேலை," என்றது என்ஜினின் உச்சியில் இருந்த மூடி.

மெக்கானிக் செல்வினும் அப்படியே நினைத்துத் தொட்டியை மாற்றினார். அப்போதும் சொட்டியது.

"புதுசும் அதே லட்சணம்தான்," என்றது மூடி.

செல்வின் என்ஜினை நன்றாகக் கழுவி ஓடவிட்டுப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் கசிந்த ஆயில், நடுவில் கொதித்துக்கொண்டிருந்த டர்போ என்ற காற்றுவிசிறியின் தலையில் விழுந்து புகைந்து, தொட்டியின் வெளிப்புறத்தில் வழிந்து சொட்டியது.

"உன் தலையிலதானே கொட்டுது! பழைய தொட்டியைத் தூக்கிப் போட்டப்ப ஏன் பேசல?" என்று டர்போவிடம் கேட்டது புதுத் தொட்டி.

"மேலிடத்து விஷயமாச்சே," என்று முணுமுணுத்தது டர்போ.

செல்வின் மூடியைக் கழற்றி, அதன் நைந்துபோன ரப்பரை மாற்றி, மறுபடியும் உச்சியிலேயே பொருத்தினார். சொட்டுவது நின்றது.

"பார்த்தியா? நாலு வார்த்தை கண்டிச்சதும் தொட்டி திருந்திடுச்சு," என்றது மூடி.

"ஆமாங்க," என்றது டர்போ.