செங்கோடனுக்கும் சொல்லுங்க

கட்டடக்கலை மாணவர்கள் கொல்லிமலைக்கு வந்து, வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் வெள்ளையம்மாளின் மண் வீட்டை இரண்டு நாளாக அளந்தார்கள்.

"வெளியில இவ்வளவு குளிரு, உள்ள கதகதப்பா இருக்கு. சிமெண்ட் வீட்டைவிட இதுதாம்மா நல்ல வீடு," என்றாள் மாணவி கௌசிகா.

"நெசமாவா கண்ணு?"

"நாலு வருஷமா இதைத்தான் படிக்கிறோம். இன்னும் அம்பது வருஷம் நிக்கும்."

"இதை எம் மவன் செங்கோடன் கேக்கோணும். அவனுக்கு இந்த ஊடு புடிக்கவே இல்லை. வந்து சொல்றியா?"

"எங்க இருக்கார்?"

"காட்டுலதான்."

மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே வெள்ளையம்மாள் சொன்னாள். "மண்ணு ஊட்டுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு சொல்லிப்போட்டாங்க. சிமெண்ட்டுல மெத்தை ஊடு கட்டிப்போட்டுத்தான் கண்ணாலம்னு, திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான்."

"சம்பாதிச்சுட்டுத் திரும்பிட்டாரா?"

"போன தை மாசம் கொண்டாந்து விட்டாங்க."

அந்தப் பதில் கௌசிகாவுக்குப் புரியவில்லை. பலா மரத்தடியில் வெள்ளையம்மாள் நின்றாள். அங்கே புல் முளைக்கத் தொடங்கிய ஒரு மண்மேடு இருந்தது.

"கான்கிரீட்டு போட்டுக்கிட்டு இருக்கையிலயே தளம் சரிஞ்சு, அவன் மேல உழுந்துருச்சு," என்றபடி அதன் அருகில் உட்கார்ந்தாள்.

கௌசிகாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளையம்மாள் மேட்டின் பக்கம் குனிந்தாள். "செங்கோடா, பட்டணத்துல படிச்ச புள்ள வந்திருக்குது. நம்ம ஊடு நல்ல ஊடாம்டா."

பிறகு நிமிர்ந்து, "நீ சொல்லு கண்ணு. நான் சொன்னா அவன் நம்பமாட்டான்," என்றாள்.