மூன்றாவது சுற்று

“முதல் ஆளு டெரல் பிங்க்னி” என்று வாசித்தாள் லோயிஸ்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த ஆர்னியின் இடது கட்டைவிரல் மெல்ல உயர்ந்தது. நல்ல ஆள்தான். அடித்தால் பந்து மைதானத்துக்கு வெளியே போய்த்தான் விழும்.

“ரெண்டாவது ஓக்கா.”

பந்து வீசுகிறவன் அசந்த நேரம் பார்த்து ஓடி, அடுத்த பேஸைத் திருடுவதில் கில்லாடி. கட்டைவிரல் மறுபடி உயர்ந்தது. கூடவே புருவமும் உயர்ந்தது, இவளுக்கு இவ்வளவு தெரியுமா என்பதுபோல.

தெரியாமல் எங்கே போகும்? கல்யாணமான நாளிலிருந்து, ஏப்ரல் பிறந்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேஸ்பாலைத் தவிர வேறு பேச்சு உண்டா?

வருடா வருடம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, க்ளீவ்லண்ட் பஸ் டிப்போக்காரர்கள் பத்துப் பேர் மெல்வின் வீட்டு அடித்தளத்தில் கூடுவார்கள். நாட்டில் உள்ள ஆட்டக்காரர்களையெல்லாம் முறை வைத்துச் சுற்றுக்கு ஆளுக்கொருவராகத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் எங்கோ மைதானத்தில் அடிப்பான். புள்ளி இங்கே இவர்கள் கணக்கில் ஏறும். அவ்வளவுதான் விஷயம். இதற்காக மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களும் அந்தப் பத்துப் பேரில் உண்டு.

இந்த வருடம் ஆர்னியால் போக முடியவில்லை. நவம்பரில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

“நீ தூங்கிட்டு இருந்தப்பவே முடிஞ்சுருச்சு. போன்லயே நானே எடுத்துட்டேன்” என்று அவன் விழித்ததும் சொல்லியிருந்தாள் லோயிஸ்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் நல்லவள்தான். ஆனால் முப்பது வருடம் பஸ் இன்ஜினைப் பிரித்து மாட்டியவனிடம் ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால்? முகத்தைத் திருப்பிக்கொண்டான் ஆர்னி. வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, பேசியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும் என்றாள் அந்தப் பெண். வசந்தம் முடிவதற்குள் ஒரு வார்த்தையாவது வராவிட்டால் அப்புறம் கஷ்டம் என்றும் வாசலில் வைத்துத் தனியாகச் சொன்னாள். அன்று லோயிஸ் காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மூணாவது ட்ரெவர் கேசன்.”

கட்டைவிரல் அப்படியே நின்றது.

கேசன் கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து நாலு பந்து வீசிவிட்டுப் போகிறவன். அவன் மாதிரி ஆளை எட்டாவது சுற்றுக்கு முன்னால் எவனும் தொட மாட்டான். ஒரு வருடம் அந்தப் பத்துப் பேரில் ஒருவனான வெண்டல் அப்படி ஒருவனை மூன்றாவது சுற்றில் எடுத்துத் தொலைத்தான். அவன் மகள் கல்யாண விருந்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

போதாக்குறைக்கு, கேசன் நியூயார்க் அணிக்காரன். அந்த அணி டிவியில் வந்தால் ஆர்னி எழுந்துபோய் நாயைக் குளிப்பாட்டுவான்.

“ஒருத்தன்கூட போட்டிக்கு வரல, தெரியுமா?” என்றாள் லோயிஸ் பெருமையாக. “அப்படியே அள்ளிட்டேன்.”

ஆர்னியின் கழுத்து சிவந்தது. இடது கை நாற்காலிப் பிடியை ஓங்கி அறைந்தது. உதடு கோணியது, திறந்தது, ஒன்றும் வராமல் மூடியது. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. பாவி, இப்படிப் படுத்துகிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாலாவது ஆளும் நியூயார்க்தான்” என்றாள்.

“மு…”

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

“மு… முட்டாள்.”

சொன்னவனே திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். பிறகு, விட்டால் போய்விடும் என்பதுபோல அவசர அவசரமாக, “வேணாம். அவன்… வேணாம்” என்றான்.

லோயிஸ் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. கல்யாணத்தன்று அவன் சொன்ன சம்மதம்கூட அவள் காதுக்கு இத்தனை இனிப்பாக இருந்ததில்லை.

மேசைமேல் கிடந்த செய்தித்தாளை அவள் விலக்கினாள். அடியில் போன் இருந்தது. அவன் விழிப்பதற்கு முன்பிருந்தே இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சா? கேசன் வேணாமாம்” என்றாள் அதனிடம்.

அந்தப் பக்கம், மெல்வின் வீட்டு அடித்தளத்தில், ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு மெல்வின் பேசினான். ஒரு ஆளை எடுக்க ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது என்று, மனைவியின் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டவனின் போனையே துண்டித்தவன் அவன்.

“ஆர்னி, இன்னும் ஒண்ணும் முடியலடா. ரெண்டு ரவுண்டுதான் ஆச்சு. மூணாவது உன் முறை. யாரு வேணும்? நிதானமா சொல்லு, நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்.”

ஆர்னி போனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். நெற்றி நரம்பு புடைக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே போட்டான்.

“பெ… பெனா… விடெஸ்.”

“அடப்பாவி!” என்று போனுக்குள்ளிருந்து அலறினான் வெண்டல். “அடுத்து நான் அவனைத்தான்டா எடுக்க இருந்தேன். நீ வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்!”